வட்டையின் வாய்

அவர் இறந்த அன்று சந்தியில் கட்டியிருந்த பதாகையில், படத்துக்குக் கீழே, ‘எவரோடும் பகையறியாதவர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதை இன்னொரு தரம் வாசித்தேன். பொய்யில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊரில், அவரோடு முகம் முறித்தவர் என்று ஒருவரைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். எனக்குக் குமட்டுவதே அந்த உண்மையை நினைத்துத்தான். செத்தவரைப் பற்றி நல்லதுதான் சொல்லவேண்டும் என்பார்கள். அதற்குப் பதாகை இருக்கிறது. நான் மற்றதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் வட்டை விதானை. வட்டை என்றால் ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளி முழுவதும். அதன் தண்ணீர் முறையையும் வேலியையும் பயிர் மேயவரும் கட்டாக்காலி மாடுகளையும் பார்த்துக்கொள்ள வயல்காரர் கூடித் தெரிவுசெய்யும் ஆள்தான் விதானை. ஒவ்வொரு தடவையும் அவரையே தெரிவுசெய்தார்கள். வேறு பெயர் சொன்னால் மனிதர் மனம் நோவாரே என்று சனம் நினைத்தது. சனத்தைப் பற்றி அவரும் அப்படியேதான் நினைத்தார். இப்படி ஆளுக்காள் மனம் நோகாமல் பார்த்துப் பார்த்தே ஒரு வட்டை நாசமாய்ப் போனது.

வெள்ளைச் சாறன், இஸ்திரி போட்ட அரைக்கைச் சேட், எப்போதும் ஒரு பக்கம் புடைத்த கன்னம். வெற்றிலையை மெல்லுகிறாரா அல்லது நாம் சொன்னதை மெல்லுகிறாரா என்று தெரியாது. நாம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் போதும், வாக்கியம் முடியுமுன் அவருடைய ‘ஓம்’ வந்துவிடும். நான் ஏ.எல். படிக்கிற காலத்தில் அதைச் சோதித்தே பார்த்திருக்கிறேன்.

“மாமா, இந்த முறை மாரி பொய்க்கும் போல.”

“ஓம் புள்ள, பொய்க்கத்தான் போகுது. காத்துச் சரியில்ல.”

பின்னேரம் அதே மனிதரிடம், அதே வேலியடியில்:

“மாமா, இந்த முறை வெள்ளம் போடும் போல.”

“ஓம் புள்ள, பெருவெள்ளம்தான். காத்தப் பாத்தாலே தெரியுதே.”

அன்றைக்கு நானும் தங்கச்சியும் வயிறு நோகச் சிரித்தோம். அப்போது அது வெறும் பகிடி.

ஆனால் வயல்காரருக்கு அது பகிடியாய் இருக்கவில்லை. ஒரு சிறுபோகத்தில் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குறைந்து, முறைவைத்து விட்டார்கள். மேல்வயல்காரர் ஒருவர் போய், “அண்ணே, இண்டைக்குத் தண்ணி எனக்குத்தானே?” என்று கேட்டிருக்கிறார். ஓம். சற்று நேரத்தில் கீழ்வயல்காரர் போய் அதையே கேட்டிருக்கிறார். அவருக்கும் ஓம். இருவரும் வாய்க்கால் வக்கடையில் மண்வெட்டியோடு சந்தித்தார்கள். ஒருவர் திறக்க, மற்றவர் அடைக்க, இவர் அவருடைய சேட்டைப் பிடிக்க, சத்தம் ஊருக்குக் கேட்டது. விதானையார் ஓடிவந்தார். இருவருடைய தோளிலும் கை போட்டு, “ரெண்டு பேரிலயும் பிழையில்ல” என்றார். அதற்குப் பிறகு அந்த இரண்டு குடும்பமும் ஒன்றின் செத்தவீட்டுக்கு மற்றது போகாத அளவுக்குப் பகை. விதானையாரோடு மட்டும் இரண்டு வீட்டாரும் நல்ல உறவு. அவருக்கு இரண்டு வீட்டிலும் பொங்கலுக்குப் பலகாரம் வந்தது.

இதற்குள்தான் கொழும்புக் கம்பெனி வந்தது. வட்டையின் கீழ்ப்பகுதி, வாவியை ஒட்டிய வயல்கள், பெரும்பாலும் போடியார்மார் என்ற பெருநிலக்காரருடையவை. அவர்கள் டவுணில் இருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கனடாவில். விலை வந்ததும் கொடுத்துவிட்டார்கள். அந்த வயல்களைக் கிறவல் மண் போட்டு நிரப்பி, வாவியைப் பார்த்தபடி வீடுகள், வாவிக்கரையோடு றோட்டு, நடைபாதை, விளையாட்டுத் திடல், நூலகம் என்று ஒரு திட்டக் கிராமம். பலநோக்குக் கட்டிடத்துச் சுவரில் அதன் படத்தை விரித்துக் கட்டினார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் படம் பிடித்தது. மாரியில் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். வடிகான் உள்ள ஒரு தெருவில் நடக்க யாருக்குத்தான் ஆசையில்லை? கம்பஸ் விடுமுறை. நான் அந்தப் படத்தின் முன்னால் நின்று போன் கமராவில் மூலைமூலையாய் எடுத்து, எல்லாருக்கும் அனுப்பி, திட்டம் வரத்தான் வேண்டும் என்று வாதாடிக்கொண்டே திரிந்தேன்.

கம்பெனி, ஊராருடைய அபிப்பிராயத்தைக் கேட்கக் கூட்டம் வைக்கப்போகிறது என்றார்கள். கூட்டத்துக்கு முன் விதானையார் வீடுவீடாகப் போனார். அது எங்கள் வட்டையின் வழக்கம். எங்கள் கூட்டங்களில் ஒருவரும் எழும்பிப் பேசமாட்டார்கள். ஒரே வரம்பைப் பங்குபோடுகிறவர்கள் முகத்துக்கு முகம் எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வரம்பில் நிற்க முடியாது. ஆகவே எல்லாரும் தங்கள் கருத்தை விதானையிடம் தனியே சொல்லிவைப்பார்கள். அவர் கூட்டத்தில் எழும்பி, “இப்பிடியும் ஒரு கருத்து இருக்கு, அப்பிடியும் ஒரு கருத்து இருக்கு” என்று, யார் சொன்னது என்று காட்டாமல், ஒவ்வொன்றாய்ச் சொல்லவேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். நம்முடைய பேச்சு அவருடைய வாய்க்குள் பத்திரமாய் இருக்கிறது என்பதுதான் அந்த மௌனத்தின் அர்த்தம். நடுவில் யாராவது எழும்பினால், விதானை என் பேச்சை விழுங்கிவிட்டான் என்று சபையில் சொன்னதாகிவிடும். அந்த அவமரியாதையை ஒருவரும் செய்ததில்லை.

சனம் என்ன சொல்கிறது என்று கேட்கிற ஆசையில் நானும் அவருக்குப் பின்னால் போனேன். ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனேன். அதைப்போல ஒரு கூத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

சந்தியில் ஓட்டோக்காரப் பொடியன்: “றோட்டு வந்தாத்தான் எங்களுக்கு வாழ்வு மாமா. இந்தக் குண்டு குழியில ஓடி என்ட முதுகெலும்பு கழண்டுபோய்க் கிடக்கு.”

“ஓம் மனே. றோட்டு இல்லாட்டி இது ஊரா?”

வாவிக்கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவர்: “அத்தின வீட்டுச் சோப்புத் தண்ணியும் எங்க போற? வாவிக்குத்தானே. மறுகா நான் புடிக்கிற றாலெல்லாம் குளிச்சு பவுடர் பூசிக்கிட்டுத்தான் வரும்.”

“ஓம் மச்சான். வாவியில கைவைக்க நாம விடப்போடாது.”

நெல் ஏற்ற லொறியோடு வந்திருந்த, ஊரே ‘காக்கா’ என்று அழைக்கும் காத்தான்குடி முதலாளி கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “விதானையார், நெல்லு வெளஞ்ச எடத்தில ஊடு வெளஞ்சா நான் என்னத்த ஏத்துற? சன்னலையா?”

“ஓம் காக்கா, அதானே. நானும் அதத்தான் யோசிக்கன்.”

ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, “ஒரு ஒழுங்கு வேணும் விதானை. இஞ்ச மனிசன் நடக்கிற இடத்தில மாடு படுக்குது. படிச்ச சனம் வந்து குடியிருந்தாத்தான் ஊர் திருந்தும்” என்றார்.

“ஓம் ஐயா. திருந்தட்டும்.”

ஒவ்வொரு ஓமும் உள்ளத்திலிருந்து வந்தது. அதுதான் பயங்கரம். நடிக்கவில்லை. ஓட்டோக்காரனிடம் அவர் முகம் ஓட்டோக்காரனின் முகமாகியது, வலைக்காரரிடம் வலைக்காரரின் கோபம் அவருடைய கண்ணிலும் வந்தது. அடுத்த படலையைத் திறக்கும்போது அந்த முகத்தைக் கழற்றி எங்கே வைப்பார் என்றே தெரியவில்லை.

கடைசியாக என் சின்னம்மா வீடு. சின்னம்மாவின் வயல், நிரப்பப்போகிற வயல்களுக்கு நேரே மேலே. எங்கள் பக்கத்தில் வயலும் வளவும் பெண்பிள்ளைகளுக்கே போகும். மூத்தவளுக்கு வீட்டு வளவைக் கொடுத்தாகிவிட்டது. அந்த வயல்தான் இளையவளின் சீதனம். அவளுக்குப் பேசி முடித்தும் இருந்தார்கள். சித்தப்பா இல்லாத வீட்டில் சின்னம்மாவே விதைத்து, சின்னம்மாவே காவல் பார்த்து வைத்திருந்த காணி.

சின்னம்மா எதிர்க்கவில்லை. “வித்தவங்க விக்கட்டும், கட்டுறவங்க கட்டட்டும் அண்ணே” என்றார். “எனக்கு ஒரு கதைதான். மாரி வெள்ளம் என்ட வயலால இறங்கி, அந்தக் கீழ்வயலுக்குள்ளால போய்த்தான் வாவியில விழுகுது. அத அடைச்சுப்போட்டாங்களெண்டா என்ட வெள்ளாமை தண்ணிக்குள்ள கிடந்து அழுகும். வடிச்சல் வாய்க்கால அப்பிடியே விட்டு, றோட்டுக்குக் கீழால ஒரு மதகு வைக்கச் சொல்லுங்க. வேற ஒண்டும் வேணா.”

“ஓம் தங்கச்சி. மதகு இல்லாம எப்பிடி? அத நான் முதல் கதையாச் சொல்லுறன்.”

“மறந்துபோடாதீங்க.”

“நான் மறப்பனா கா?”

ஒழுங்கை முனையில் நான் அவரைக் கேட்டேன்: “மாமா, எல்லாரையும் கேட்டீங்க. உங்கட விருப்பம் என்ன?”

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஓம் இல்லாததைக் கண்டேன். பயந்துபோனவர் மாதிரி என்னைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார்.

“எனக்கென்ன புள்ள விருப்பம்? சனத்திட விருப்பம்தான்.”

கூட்டத்தன்று கம்பெனிக்காரர் முன்னமே வந்து பட்டிஸ் பலகாரமும் பிளேன்டியும் கொடுத்தார்கள். வேலைக்குப் பொறுப்பான இளம் மனேஜர், நல்ல தமிழ் பேசுகிற ஆள், விதானையாரைத் தூணடிக்குக் கூட்டிப்போய்ப் பேசியதை நான் பக்கத்தில் தேநீர் குடித்தபடி கேட்டேன். “ஐயா, புதுசா நிபந்தனை ஒண்டும் வராமப் பாத்துக்கொள்ளுங்க. வந்தா எல்லாம் திரும்ப வரையவேணும், வேலை பிந்தும்.”

“ஓம் தம்பி. அது சரிவராதுதானே.”

நான் போய்ச் சின்னம்மாவின் காதில் சொன்னேன். சின்னம்மா நம்பவில்லை. “அவர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுவார். சபையில சொல்லவேண்டியதச் சொல்லுவார். எத்தின கூட்டம் பாத்திருக்கன்” என்றார்.

மேடையிலிருந்து, ஊர் மக்களின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்கள். விதானையார் எழும்பினார். சேட்டை இழுத்துவிட்டார். தொண்டையைச் செருமினார்.

“சனத்தோட கதைச்சன். எல்லாருக்கும் சந்தோசம்.”

நான் எழும்பப்போனேன். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“பொறு. இனித்தான் சொல்லப்போறார்.”

“கம்பெனி ஐயாமார் யோசிச்சுத்தான் செய்வாங்க. அவங்கட விருப்பம்தான் எங்கட விருப்பமும்.”

“பொறு புள்ள.”

அவர் கதிரையில் இருந்துவிட்டார். திரும்ப எழும்பவில்லை. முன்வரிசையில் கைதட்டத் தொடங்கினார்கள், பின்வரிசையும் தட்டியது. வலைக்காரர் தட்டினார். சின்னம்மாவின் கை மட்டும் இன்னும் என் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தது. நான் அதை உதறிக்கொண்டு எழும்பி, “மதகுக் கதை ஒண்டு இருக்கு” என்று கத்தினேன். எல்லாத் தலையும் திரும்பியது. மேடையில் கூட்டத்தை நடத்தியவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: “தங்கச்சிக்கு வட்டையில காணி இருக்கா?” இல்லை. “அப்ப இருங்க தங்கச்சி. விதானையார் சொல்லிப்போட்டார்தானே.” விதானையார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதுவும் ஓம்தான். நான் எழும்பியதற்கும் ஓம், என்னை இருத்தியதற்கும் ஓம்.

வெளியே வந்ததும் சின்னம்மா அவரை மறித்தார். “அண்ணே, மதகு?”

“ஓம் தங்கச்சி, சொல்லியிருக்கவேணும். பிழைதான்.”

“ஏன் சொல்லல்ல?”

“அந்தத் தம்பி வேணாமெண்டு சொன்னவர். முகத்துக்கு நேர எப்பிடி மறுக்கிற?”

“என்ட முகம் முகமில்லையா?”

“ஓம்... அதுவும் சரிதான்.”

பிறகு சின்னம்மா கம்பெனியின் கொட்டிலுக்கு நேரே போய்க் கேட்டார். நான்தான் ஸ்கூட்டியில் ஏற்றிப்போனேன். மனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். “கூட்டத்தில ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லையே அம்மா. எல்லாரும் கைதானே தட்டினீங்க. இனி மதகெண்டா மேலிடத்தில கேக்கவேணும்.” எங்கள் மௌனம் எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு வேறொன்று. அதை விளங்கப்படுத்த நான் வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் கிறவல் லொறி வந்து நின்று, மனேஜருடைய போன் அடித்து, அவர் எழும்பிவிட்டார்.

நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவர் லஞ்சம் வாங்கினார் என்று சிலர் கதை கட்டினார்கள். வாங்கவில்லை. எனக்கு நிச்சயமாய்த் தெரியும், ஒரு சதமும் வாங்கவில்லை, ஒரு வீடும் எடுக்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் சுத்தமான சாமான். இவர் ஒரு ஊருடைய வாயை ஒரு பட்டிஸுக்கும் ஒரு சிரிப்புக்கும் சும்மா கொடுத்தார். எதிரில் நிற்கிறவனுடைய முகம் சுருங்கக்கூடாது, அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் அவருக்கு முன்னால் நிற்காதபோது இல்லாத சனங்கள். அதை நினைத்தால் இப்போதும் உமிழ்நீர் கசக்கிறது.

விதைத்து, பயிர் ஒரு சாண் வந்திருந்த நேரம் மாரி பிடித்தது. கீழே வயல் இருந்த இடமெல்லாம் சிவப்பு மேடு. வாவிக்கரையோடு போன றோட்டிலிருந்து ஒரு கிளை, சின்னம்மாவின் கடைசி வரம்பை ஒட்டி மேடாய் வந்திருந்தது. அதற்கப்பால் பழைய வடிச்சல் வாய்க்காலின் ஒரு துண்டு இன்னும் மூடாமல் வாவிப்பக்கம் போனது. இப்பால் சின்னம்மாவின் வயல் குளம்போல் நின்றது. பயிரின் நுனி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

விடிந்ததும் சின்னம்மா மண்வெட்டியோடு அந்தக் கிளை றோட்டில் ஏறினார். நானும் சின்னம்மாவின் இளையவளும் பின்னால் போனோம். வீட்டில் இருந்தது அந்த ஒரு மண்வெட்டிதான். சின்னம்மா வெட்டத் தொடங்கினார். இறுக்கிய கிறவல், லேசில் விடவில்லை. மழை ஊற்றியது. ஒரு முழ ஆழம் வெட்டியிருப்பார், மனேஜரின் பிக்கப் வந்து நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து குடையை விரித்துக்கொண்டு இறங்கியவர் விதானையார்.

“ஐயா, நிப்பாட்டச் சொல்லுங்க. இது கம்பெனிட றோட்டு” என்றார் மனேஜர்.

“ஓம் தம்பி. தங்கச்சி, றோட்டு வெட்டப்போடாது.”

“வெட்டாட்டி என்ட புள்ளட வயல் போச்சு” என்றார் சின்னம்மா. “ரெண்டு நாள் இன்னும் தண்ணி நிண்டா ஒரு பயிர் மிஞ்சாது. பாருங்க, கண்ணால பாருங்க.”

அவர் பார்த்தார். “ஓம், வெட்டத்தான் வேணும். பயிர் பாவம்.”

சின்னம்மா வெட்டுவதை நிறுத்தி நிமிர்ந்தார். மழைத்தண்ணீர் முகத்தால் வழிந்தது. பிறகு மேலே ஏறிவந்து மண்வெட்டியை அவரிடம் நீட்டினார்.

“அப்ப நீங்க வெட்டுங்க, விதானையார். வட்டைக்குப் பொறுப்பு நீங்கதானே.”

நீட்டியதை வாங்காமல் விடுகிற ஆளில்லை அவர். வாங்கினார். ஒரு கையில் குடை, ஒரு கையில் மண்வெட்டி. அப்படியே நின்றார். என் மனதில் ஒரு கணம் ஆசை எழுந்தது. இந்த மனிதர் இப்போது ஒரு தடவை குனிந்தால், ஒரே ஒரு வெட்டு வெட்டினால், பழையதெல்லாம் மறந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

“இஞ்ச தாங்க ஐயா” என்று மனேஜர் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டார்.

மனேஜர் அதைப் பிக்கப்பின் பின்பெட்டியில் எறிந்துவிட்டு, பொலிசுக்குச் சொல்லப்போகிறேன் என்றபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். விதானையாரை ஏற்ற மறந்துபோனார்.

சின்னம்மா கீழே இறங்கினார். வெட்டிய பள்ளத்துக்குள் மண்டியிட்டு இரண்டு கையாலும் கிறவலைத் தோண்டத் தொடங்கினார். நானும் இறங்கினேன், இளையவளும் இறங்கினாள். கிறவல் நகத்துக்குள் ஏறியது, விரல் நுனி கிழிந்தது. மேலே குடைக்குக் கீழிருந்து குரல் வந்தது:

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கமாத் தோண்டு தங்கச்சி. அங்கதான் நிலம் பதிஞ்சு கிடக்கு.”

எவ்வளவு நேரம் தோண்டினோமோ. முதலில் ஒரு விரல் தடிப்பில்தான் தண்ணீர் மறுபக்கம் கசிந்தது. பிறகு தானாகவே மண்ணை அரித்துக்கொண்டு, மஞ்சளும் சிவப்புமாய், வாவிப்பக்கம் இறங்கத் தொடங்கியது. இளையவள் அழுதாள். அவர் மேலேயிருந்து சத்தம் போட்டார், உண்மையான சந்தோசத்தோடு:

“பாத்தியா தங்கச்சி! நாம வெட்டினது சரிவந்திட்டு!”

சின்னம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையில் அள்ளியிருந்த சேற்றைப் பின்பக்கமாய் வீசினார். அது அந்த வெள்ளைச் சாறனில் சப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கைப்பிடிச் சேற்றையும் அங்கேயே வீசினார்.